திடலில் ஓடிய துப்பறியும் படங்கள்: கெடாவில் அன்றும் இன்றும்

பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம், சுங்கை பட்டாணி ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வளர்ந்தவர்களிடம் சினிமாப் பேச்சை எடுத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜிக்கு அடுத்து ஒரு பெயர் கட்டாயம் வரும்: ஜெய்சங்கர். கையில் துப்பாக்கி, வாயில் சிகரெட், துரத்த ஒரு கார், கடைசியில் முகமூடி கழலும் ஒரு பெரிய மனிதர். கதை மறந்துபோனவர்களுக்கும் இந்தக் காட்சிகள் மறக்கவில்லை. குறைந்த செலவில், குறைந்த நாளில் எடுக்கப்பட்டு, பத்திரிகை விமர்சகர்களால் பெரிதாக மதிக்கப்படாத அந்தப் படங்கள், தோட்டத்து மக்களின் இரவுகளில் ஆழமாகத் தங்கிவிட்டன. அந்த ஈர்ப்பு எங்கிருந்து வந்தது, இன்று அது எங்கே போயிற்று என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்று: இரண்டு பக்கமும் தெரிந்த திரை

தோட்டத்துக்குப் படம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று அரசாங்க வண்டி. 1946-இல் தொடங்கிய மலாயா பிலிம் யூனிட் எடுத்த செய்திப் படங்களையும் பிரசாரப் படங்களையும் தகவல் இலாகாவின் வண்டி ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பல தோட்டங்களின் லயங்கள் முள்வேலிக்குள் இருந்தன. இரவில் வெளியே நடமாடத் தடை இருந்த காலம். அப்படிப்பட்ட இரவில், சட்டப்படி கூட்டமாக உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அந்த வண்டிதான். கம்யூனிஸ்டுகளைப் பற்றி எச்சரிக்கும் படம் முன்னால் ஓடும். மக்கள் காத்திருந்தது அதற்குப் பின்னால் வரும் கதைப் படத்துக்கு.

மற்றொன்று தோட்டமே ஏற்பாடு செய்தது. மாரியம்மன் திருவிழா, தீபாவளி, சம்பளம் போட்ட வாரம் என்று ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். திடலில் பந்துக் கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். டைனமோ ஒரு மூலையில் உறுமும். பெண்கள் சாக்கும் பாயும் கொண்டுவந்து முன்கூட்டியே இடம் பிடிப்பார்கள். கச்சாங் பூத்தே விற்பவர் எப்படியோ வாடை பிடித்து வந்துவிடுவார். கூட்டம் அதிகமானால் திரைக்குப் பின்பக்கமும் ஆட்கள் உட்காருவார்கள். அந்தப் பக்கம் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். வலது கையால் சுடுகிறவன் இடது கையால் சுடுவான். யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. ரீல் மாற்றும் இடைவெளியில் "கொலை பண்ணது யாரு?" என்று திடல் முழுக்க வாதம் நடக்கும். விடியும் முன்னே பெரட்டுக்குப் போக வேண்டும், தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும் என்பதெல்லாம் அந்நேரம் யாருக்கும் நினைவில் இருக்காது.

பட்டணத்துக்குப் போய்ப் பார்ப்பது பெரிய விஷயம். ஷா, கத்தே என்ற இரண்டு பெரிய குழுமங்கள் மலாயா முழுக்க அரங்குகளை நடத்தின. மலாய், சீனம், இந்தி, ஆங்கிலம், தமிழ் என எல்லா மொழிப் படங்களும் ஊர் அரங்குகளுக்கு வந்துபோயின. தோட்டத்து லாரியிலோ சைக்கிளிலோ போய் இரவுக் காட்சி பார்த்துவிட்டு, இருட்டில் கித்தாக் காட்டு வழியே திரும்ப வேண்டும். திரையில் பார்த்த கறுப்பு அங்கிக்காரன் ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் நிற்பான். துப்பறியும் படத்தின் பாதிச் சுவை அந்தத் திரும்பும் வழியில்தான் கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

சேலத்திலிருந்து வந்த இருட்டு

இந்தப் படங்களில் பல சேலத்தில் பிறந்தவை. திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் என்ற டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் திரும்பி, 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஆலை நடத்துவதுபோலவே ஸ்டூடியோவை நடத்தினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நேரக் கட்டுப்பாடு, செலவுக் கட்டுப்பாடு, மாதச் சம்பளம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1950-இல் வந்த 'திகம்பர சாமியார்' வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் வில்லனாகவே அறியப்பட்ட எம்.என்.நம்பியார் அதில் கதாநாயகன். குற்றவாளிகளைப் பிடிக்க வேடத்துக்கு மேல் வேடம் மாற்றுவார்.

1963-இல் சுந்தரம் மறைந்த பிறகு அவருடைய மகன் ராமசுந்தரத்தின் பொறுப்பில் ஸ்டூடியோ இந்தப் பாதையில் இன்னும் வேகமாக ஓடியது. 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' இரண்டும் 1966-இல் வந்தன. அடுத்த ஆண்டு 'எதிரிகள் ஜாக்கிரதை', 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்'. வேதாவின் இசை, மனோகர், அசோகன் போன்ற வில்லன்கள், இரகசியக் கதவு, சுழலும் சுவர், சிவப்பு விளக்கு எரியும் பாதாள அறை. ஜெய்சங்கரின் படங்கள் அடிக்கடி வெளியானதால் 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்றே அவருக்குப் பெயர் வந்தது.

இதே காலத்தில் இன்னொரு வரிசையும் இருந்தது. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கி 1954-இல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. படம் தொடங்கியதும் கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான், மற்றதெல்லாம் விசாரணை. 'ரஷோமோன்' படத்தின் தாக்கம் என்று பொதுவாகச் சொன்னாலும், 1950-இல் வந்த 'தி உமன் இன் கொஸ்டின்' என்ற பிரிட்டிஷ் படத்தோடு அதற்கு இருக்கும் ஒற்றுமையையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். 1964-இல் வந்த 'புதிய பறவை'யின் வேரும் பிரிட்டனுக்குத்தான் போகிறது. 'சேஸ் எ குரூக்கட் ஷாடோ' என்ற 1958-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படம், 'ஷேஷ் அங்க' என்று வங்காளத்தில் உருமாறி, அங்கிருந்து சிவாஜி கணேசனிடம் வந்தது. 'புதிய பறவை' செலவு செய்து எடுத்த வண்ணப் படம்தான். ஆனாலும் அதன் கதாநாயகன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் பணக்காரன் என்பது, கடல் தாண்டி வந்து குடியேறிய மக்களுக்கு அந்தக் கதையை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் இதன் உறவுகள்

பிரிட்டனிலும் இதே கதைதான். ஹாலிவுட் படங்கள் உள்நாட்டுத் தொழிலை விழுங்கிவிடும் என்று பயந்து, 1927-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரங்குகள் குறிப்பிட்ட விழுக்காடு உள்நாட்டுப் படங்களைத் திரையிட்டே ஆக வேண்டும். கணக்கை நிரப்ப அவசர அவசரமாக மலிவுப் படங்கள் எடுக்கப்பட்டன. குற்றக் கதைகள் அதற்கு மிகவும் தோதாக இருந்தன. ஒரு அறை, ஒரு பிணம், ஒரு இன்ஸ்பெக்டர் போதும். விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். அந்தப் பட்டறையில்தான் மைக்கேல் பவல் போன்ற பெரிய இயக்குநர்கள் தொழில் பழகினார்கள்.

போருக்குப் பிறகும் இந்த மரபு தொடர்ந்தது. இலண்டனின் தென்புறத்தில் இருந்த மெர்ட்டன் பார்க் ஸ்டூடியோ, 1960 முதல் 1965 வரை எட்கர் வாலஸின் கதைகளை வைத்து நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்கான துணைப் படங்கள். புகைமூட்டத்தில் மெல்லச் சுழலும் வாலஸின் சிலையோடு அவை தொடங்கும்.

இன்று அந்தப் படங்களுக்குப் புது வாழ்வு வந்திருக்கிறது. 2015-இல் ஒரு குடும்பம் தொடங்கிய 'டாக்கிங் பிக்சர்ஸ் டிவி' என்ற சிறிய தொலைக்காட்சி நிலையம், யாரும் சீண்டாமல் கிடந்த பழைய பிரிட்டிஷ் படங்களைத் தேடித் தேடி ஒளிபரப்பி, பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. ரசிகர்கள் கதையை மட்டும் பார்ப்பதில்லை. செட் போடக் காசில்லாததால் படக்குழு உண்மையான தெருவுக்குப் போயிற்று. போரில் இடிந்து புல் முளைத்த மனை, மூடப்பட்ட ரயில் நிலையம், பழைய பேருந்து, தேநீர்க் கடைப் பலகை எல்லாம் கொலைகாரனுக்குப் பின்னால் தற்செயலாகப் பதிவாகிவிட்டன. பெரிய படங்கள் அரண்மனை கட்டிக்கொண்டிருந்தபோது, மலிவுப் படம் ஊரைப் பிடித்து வைத்தது. எனக்கு இந்தப் படங்களின் மிகப் பெரிய மதிப்பு இதுதான்.

தோட்டம் ஏன் அவற்றை விரும்பியது

தோட்டத்து வாழ்க்கை கணக்குகளால் ஆனது. விடிகாலையில் பெயர் கூப்பிடும் கணக்கு, ஸ்டோரில் பால் நிறுக்கும் கணக்கு, பாலில் எவ்வளவு தண்ணீர் என்று மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கும் கணக்கு, மாதக் கடைசியில் கடைக்காரரின் கடன் கணக்கு. எல்லாக் கணக்கும் இன்னொருவர் கையில். கிராணி எழுதியதே சாட்சி. அதை எதிர்த்துக் கேட்க ஆதாரம் கிடையாது.

துப்பறியும் படத்தில் உலகம் வேறு விதமாக இயங்கியது. அங்கே எஸ்டேட் முதலாளியும் வேலைக்காரனும் ஒரே அறையில் நிறுத்தப்பட்டு ஒரே கேள்வி கேட்கப்பட்டார்கள். சிறிய மனிதன் கவனித்த சிறிய தடயம், பெரிய மனிதனின் பொய்யை உடைத்தது. பங்களாவில் இருப்பவர்தான் கொலைகாரர் என்று தெரியும் நொடியில் திடலில் எழுந்த ஆரவாரத்துக்கு அர்த்தம் இருந்தது. எம்.ஜி.ஆர். படம் அநியாயத்தை அடித்து வென்றது. துப்பறியும் படம் அதை நிரூபித்து வென்றது. நிரூபிக்க முடியாமல் தோற்றுப் பழகியவர்களுக்கு அந்த வெற்றி மிகவும் இனித்தது.

இன்னொன்று, அதன் ஏழ்மை. பெரிய அரண்மனைப் படங்கள் எட்டாத உலகம். இவற்றிலோ நாலு சுவரும் நிழலும்தான். இல்லாததை இருட்டால் மூடி, மீதியைப் பார்ப்பவன் கற்பனைக்கு விட்டார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்த இருட்டு சொந்த இருட்டு.

மாறிய நாட்கள்

1963 டிசம்பர் 28-ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது. தோட்டத்து மண்டபத்தில் ஒரு பெட்டியை வைத்து ஊரே பார்த்த காலம் அது. பிறகு பெட்டி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயிற்று. எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தபோது, திடலில் துணி கட்டும் வழக்கம் ஓய்ந்தது. பட்டணத்துப் பழைய அரங்குகள் ஒவ்வொன்றாகச் சாமான் கடைகளாகவும் வெற்று மனைகளாகவும் ஆயின. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. வானவில் அலைவரிசை தமிழ் நிகழ்ச்சிகளை வீட்டுக்கே கொண்டுவந்தது.

திரை மட்டும் போகவில்லை, திடலே போய்விட்டது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வீடும் வேலையும் இழந்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பங்குப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். ஆனாலும் ஓட்டத்தை முழுவதுமாகத் தடுக்க முடியவில்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. பிறகு வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பால்வெட்டியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அங்கே ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள்.

தோட்டம் இருந்ததற்குப் பல இடங்களில் மிச்சம் இருப்பது ஒரு கோயிலும் ஒரு பள்ளிப் பெயரும்தான். கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஹார்வர்ட், விக்டோரியா, ஹென்ரியட்டா என்று பலவற்றின் பெயரில் இன்னும் தோட்டம் வாழ்கிறது.

இன்று: கதைக்குள் நாமே

இன்றைய ரசிகனுக்குப் பஞ்சமே இல்லை. பேரங்காடிக்குள் பல்திரை அரங்கு இருக்கிறது. சென்னையில் வெளியாகும் நாளிலேயே இங்கும் தமிழ்ப் படம் வெளியாகிறது. கைப்பேசியில் கொரிய, ஸ்பானிய, மலையாளக் குற்றத் தொடர்கள் கொட்டிக் கிடக்கின்றன. 'சி.ஐ.டி. சங்கர்' வேண்டுமென்றால் யூடியூபில் தேடினால் போதும். இருந்தாலும் "கொலை பண்ணது யாரு?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க ஆளில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனித்தனிக் கொலைகாரனைத் தேடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அன்று குற்றம் திரையில் இருந்தது. பார்த்தவர்கள் வெளியே இருந்தார்கள். இன்று மலேசியத் தமிழர் கதை என்றாலே குண்டர் கும்பல் கதை என்றாகிவிட்டது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என்றும் சொன்னது. தோட்டத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பட்டணத்தில் எதைப் பற்றிக்கொண்டார்கள் என்பதற்கு அது வேதனையான சாட்சி. 2016-இல் வந்த 'கபாலி' இந்த வலியைத் தொட்டது. ஆனால் அது சென்னையின் பெரும் பணம், பெரும் நட்சத்திரம். 2019-இல் வந்த 'கடாரம் கொண்டான்' கெடாவின் பழம்பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, கோலாலம்பூரில் நடக்கும் துரத்தல் கதையைச் சொன்னது. கடாரத்தின் ஒரு தெருவும் அதில் நம் மனத்தில் நிற்கவில்லை.

நம் தெருக்களைக் காட்டியது குறைந்த செலவில் எடுத்த படம்தான். ஷாஞ்சை குமார் பெருமாள் இயக்கி 2015 இறுதியில் வெளிவந்த 'ஜகாட்', தோட்டத்தைவிட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தில் வளரும் அப்போய் என்ற சிறுவனின் கதை. படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, கும்பலில் இருக்கும் சித்தப்பா, இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தை. கொலைகாரன் யார் என்று அந்தப் படம் தேடவில்லை. ஒரு பிள்ளை எப்படிக் குற்றத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறான் என்று துப்பறிந்தது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை அது பெற்றது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 2005-இல், தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' அறுபதுகளின் தோட்ட வாழ்க்கையைச் சிக்கனமாகவும் அழகாகவும் சொல்லியிருந்தது.

எழுத்து இந்த விஷயத்தில் சினிமாவைவிட முன்னே போய்விட்டது. கெடாவின் தோட்டங்களை அறிந்து எழுதிய சீ.முத்துசாமி 2017-இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார். ம.நவீனின் 'பேய்ச்சி', 1981-இல் லூனாஸில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட நிகழ்வை மையத்தில் வைத்த நாவல். ஒரு ஊரையே உலுக்கிய குற்றம் அது. யார் விற்றார், யார் அனுமதித்தார், ஏன் மலிவுச் சாராயத்துக்கு மக்கள் போனார்கள் என்ற கேள்விகள் எல்லாம் துப்பறியும் கேள்விகளே. அறுபதுகளின் இலண்டன்காரர்கள் கையில் இப்படி ஒரு கதை கிடைத்திருந்தால், உடனே ஒரு மணி நேரப் படமாக எடுத்திருப்பார்கள்.

இனி

கெடாத் தோட்டங்கள் முழு உயிரோடு இருந்த நாட்களில், அந்த லயங்களையும் திடல்களையும் பின்னணியாக வைத்து யாரும் மலிவுத் துப்பறியும் படங்களை எடுத்துக் குவிக்கவில்லை. நாம் பார்த்ததெல்லாம் சேலத்து அறைகளையும் சென்னைச் சாலைகளையும்தான். அதனால் இன்று ஓர் இலண்டன்வாசி தன் தாத்தாவின் தெருவைப் பழைய படத்தில் கண்டுபிடித்து மகிழ்வதுபோல், சுங்கை பட்டாணிப் பேரனால் தன் பாட்டியின் லயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அரசாங்கப் படப் பிரிவு எடுத்த சில சுருள்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அவையும் அரசு சொல்ல விரும்பிய கதைக்காக எடுக்கப்பட்டவை.

போனது போகட்டும். இப்போதைய கெடா இன்னும் படமாகவில்லை. கூலிம் தொழிற்சாலைப் பேருந்து, பாடாங் செராய் சாப்பாட்டுக் கடை, செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கும் மாரியம்மன் கோயில், சுங்கை பட்டாணி இரவுச் சந்தை எல்லாம் இன்னும் முப்பது ஆண்டில் மாறிவிடும். இவற்றைப் பதிவு செய்யப் பெரும் பணம் வேண்டாம். நல்ல கதை ஒன்றும், இருட்டைக் கையாளத் தெரிந்த ஒளிப்பதிவாளர் ஒருவரும் போதும் என்பதை மெர்ட்டன் பார்க்கும் மாடர்ன் தியேட்டர்ஸும் காட்டிவிட்டன. சட்டத்தின் துணையும் இருக்கிறது. 1927-இல் பிரிட்டன் செய்ததை ஒத்த கட்டாயத் திரையிடல் திட்டத்தை நம் நாட்டின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸும் நடத்துகிறது. உள்நாட்டுப் படத்துக்கு அரங்கு கிடைக்கும். அரங்கில் ஆள் இருக்குமா என்பதே கேள்வி.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உள்ளூர்த் தமிழ்ப் படம் ஒன்று சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ வந்தால், நண்பர் நல்லதென்று சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். குறை இருந்தால் எடுத்தவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். டிக்கெட் வாங்கிய பிறகு சொல்லுங்கள்.